பி 8, படி 3: ஒரு சம்பளக் கட்டம் பிறந்த கதை

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சில ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்து, இரவில் கண்விழித்து ஜெர்மன் மொழி படித்து, கடைசியில் கைக்கு வரும் ஆஃபர் லெட்டரில் எல்லாரும் முதலில் தேடுவது தொகையைத்தான். அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். பி 7, படி 2. அல்லது பி 8, படி 3. அதைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் தொகையைத் தீர்மானிப்பது அந்தக் குறிப்புதான். அதைச் சரியாகக் கேட்டு வாங்கினால் தொகை தானாக வரும். தவறவிட்டால் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த இடைவெளி கூடவே வரும்.

ஜெர்மனியின் நகராட்சி மருத்துவமனைகளில் செவிலியர் சம்பளம் ஓர் அட்டவணையில் இருக்கிறது. கீழிருந்து மேலாக பி 5 முதல் பி 16 வரை நிலைகள். இடமிருந்து வலமாக ஆறு படிகள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்து வார்டில் இருப்பவர் என்ன வாங்குகிறார், மூன்று ஆண்டு கழித்து நாம் என்ன வாங்குவோம், எல்லாம் அச்சில் இருக்கிறது.

நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் இப்படி ஒரு தாள் கிடையாது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் குழு அமைக்கச் சொல்லி, அந்தக் குழு 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. நம் ஊரில் பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் நிலைமை ஒரே சீராக இல்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் உட்கார்ந்து போராடியபோது அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இந்தச் சூழலிலிருந்து போகிறவர்களுக்கு, சம்பளத்தை ஓர் அட்டவணை தீர்மானிக்கும் என்பதே புதிதாக இருக்கும். அதனால்தான் அந்த அட்டவணை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தானாக வந்ததில்லை.

கதை சம்பளமே இல்லாத இடத்தில் தொடங்குகிறது. இன்று டுசல்டார்ஃப் நகருக்குள் அடங்கிவிட்ட கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில், 1836-இல் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஃப்ரீடரிக்கேயும் திருத்தொண்டுப் பெண்களுக்கான ஒரு தாய்வீட்டைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அங்கே முதலில் சேர்ந்தவர் கெர்ட்ரூட் ரைஹார்ட். திருமணமாகாத பெண்கள் அங்கே தங்கி நோயாளிகளைப் பராமரிக்கக் கற்றார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851-இல் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கிப் பயின்ற இடம் இதுதான். உணவு, உடை, தங்குமிடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு, முதுமையில் கடைசி மூச்சு வரை பராமரிப்பு. இவ்வளவும் உண்டு, சம்பளம் மட்டும் இல்லை.

அந்தக் காலத்தில் தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு இது பெரிய பாதுகாப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் எந்த வழியில் போனது என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கும் தாய்வீட்டுக்கும் இடையில் ஒப்பந்தம். மருத்துவமனை இத்தனை பெண்களுக்கு இவ்வளவு என்று தாய்வீட்டுக்குக் கொடுக்கும். வேலை செய்கிறவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் அல்ல. எந்த ஊருக்கு, எந்த வார்டுக்குப் போவது என்பதையும் தாய்வீடே சொல்லும். செவிலியரை ஒருவர் அனுப்பி, இன்னொருவர் வேலை வாங்கி, பணம் அனுப்பியவர் கைக்குப் போகும் இந்த ஏற்பாடு பின்னாளில் வேறு பெயரில் திரும்பி வரும்.

இந்த வளையத்தை விட்டு வெளியே வந்தவர்களில் ஒருவர் ஆக்னஸ் கார்ல். 1868-இல் பிறந்தவர். ஹனோவரில் செஞ்சிலுவைத் தாய்வீடு ஒன்றில் பயின்று, 1891-இல் அதை விட்டு விலகி, பெர்லினில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தனிச் செவிலியரானார். இப்படி வெளியே வந்த பெண்களைச் சமூகம் ‘காட்டுச் சிஸ்டர்கள்’ என்று ஏளனம் செய்தது. கூலி கையில் கிடைத்தது, உண்மை. ஆனால் காய்ச்சல் வந்தால் கூலி இல்லை. முதுமை வந்தால் போக்கிடம் இல்லை. தாய்வீட்டில் சம்பளமில்லாப் பாதுகாப்பு, வெளியே பாதுகாப்பில்லாச் சம்பளம். இரண்டையும் அனுபவித்துப் பார்த்தவர் கார்ல்.

1903 ஜனவரியில் பெர்லினில் அவர் தோழியரோடு சேர்ந்து ஜெர்மன் செவிலியர்களின் தொழில் அமைப்பைத் தொடங்கினார். அது செய்த முதல் வேலைகள் எல்லாம் நடைமுறை வேலைகள். உறுப்பினர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தது, ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொன்னது, நோய்க்கும் முதுமைக்குமான காப்பீட்டைக் கூட்டாகப் பேசி வாங்கிக் கொடுத்தது. அமைப்புக்காக அவர் மட்டுமே வருடக்கணக்கில் எழுதிய கடிதங்களும் பார்த்த கணக்குகளும் ஏராளம். கூடவே அவர் விடாமல் கேட்டது மூன்றாண்டுப் பயிற்சியும் அரசுத் தேர்வும். 1907-இல் பிரஷ்யா அரசுத் தேர்வைக் கொண்டுவந்தது; பயிற்சிக் காலம் ஓராண்டுதான். கார்ல் கேட்டதில் மூன்றிலொரு பங்கு. இருந்தாலும் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம் என்பேன். யார் பயிற்சி பெற்றவர், யார் பெறாதவர் என்று அரசு எழுதித் தராதவரை சம்பளத்தில் நிலை பிரிக்கவே முடியாது. இன்று பி 5-க்கும் பி 7-க்கும் நடுவில் நிற்பது அந்தத் தேர்வுதான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் 1918-இல் ஜெர்மனியில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. செவிலியருக்கு அது நிலைக்கவில்லை. 1924 பிப்ரவரியில் வந்த ஆணை மருத்துவமனைப் பணியாளர்களை வாரம் 60 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. தொண்டுக்கு நேரக் கணக்கு கூடாது என்று சொன்னவர்களில் தாய்வீடுகளின் தலைவர்களும் இருந்தார்கள். கார்ல் 1927-இல் இறந்தார். அவர் கட்டிய அமைப்பை நாஜிகள் கலைத்தார்கள். போருக்குப் பிறகு அவர் பெயரிலேயே அது மீண்டு, 1973-இல் வேறு சங்கங்களோடு சேர்ந்து இன்றைய ஜெர்மன் செவிலியர் தொழில் சங்கமாக ஆனது.

சம்பள அட்டவணை அதற்கு முன்பே வந்துவிட்டது. 1961 ஏப்ரல் முதல் மேற்கு ஜெர்மனியில் பொதுத்துறை ஊழியர்களுக்கு ஒரே கூட்டு ஊதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இதை அங்கே ‘டாரிஃப்’ என்கிறார்கள். தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் மேசைக்கு இரு பக்கம் உட்கார்ந்து போடும் ஒப்பந்தம் அது. அரசு நடுவில் வருவதில்லை. அந்த ஒப்பந்தத்தில் செவிலியருக்கென்று தனி வரிசை உண்டாயிற்று.

அந்த வரிசையில் வெளிநாட்டுப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அறுபதுகளில் கேரளத்திலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை வழியாக இளம்பெண்கள் போனார்கள். மைன்ஸ் நகரில் பணியாற்றிய கொரிய மருத்துவர் லீ சு-கில் எடுத்த முயற்சியால் 1966 முதல் தென்கொரியப் பெண்கள் போனார்கள். பத்தாண்டுகளில் பத்தாயிரத்துக்கு மேல். எழுபதுகளின் நடுவில் பொருளாதாரம் தளர்ந்ததும் இவர்களுடைய அனுமதியை நீட்டிக்க மறுத்துத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. 1977-இல் கொரியச் செவிலியர்கள் ஒன்றுகூடித் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். உங்களுக்குத் தேவைப்பட்டபோது வந்தோம், நாங்கள் சரக்கு இல்லை என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். தங்கும் உரிமையைப் பெற்றார்கள். சம்பளம் அட்டவணையில் இருந்தது. வாழும் உரிமை அதில் இல்லை என்பதை அவர்கள் நேரில் கண்டுகொண்டார்கள்.

2005 அக்டோபரில் பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதிய பொதுத்துறை ஒப்பந்தம் வந்தது. ஆனால் எந்த வேலைக்கு எந்த நிலை என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு வரவில்லை. செவிலியருக்கு ஒரு தற்காலிக அட்டவணை போட்டார்கள். தற்காலிகம் பதினொரு ஆண்டு நீண்டது. 2016 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரில் நடந்த பேச்சில்தான் தீர்வு வந்தது. 2017 ஜனவரி 1 அன்று ‘பி’ என்ற எழுத்தோடு இன்றைய அட்டவணை பிறந்தது.

அதன் உள்ளமைப்பு இப்படி. பயிற்சி பெறாத உதவியாளர் பி 5. குறைந்தது ஓராண்டுப் பயிற்சி பெற்ற உதவியாளர் பி 6. மூன்றாண்டு படித்து அங்கீகாரம் பெற்ற செவிலியர் பி 7. அவர் செய்யும் வேலை சாதாரண வார்டு வேலையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கடினமானது என்றால் பி 8. தீவிர சிகிச்சை போன்ற துறையில் மேல்பயிற்சி முடித்தவருக்கு பி 9. பி 7 முதல் எல்லாரும் இரண்டாம் படியில் தொடங்குவார்கள். அங்கிருந்து மூன்றாம் படிக்கு மூன்று ஆண்டு, பிறகு மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள். கடைசிப் படியை எட்டப் பதினைந்து ஆண்டு ஆகும்.

அமெரிக்காவில் பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் டிராவல் நர்ஸ் தன் தொகையைத் தானே பேரம் பேசுகிறார்: மணிக்கு இவ்வளவு, வீட்டு வாடகைக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு. ஜெர்மன் அரசு மருத்துவமனையில் போய் மாதம் இருநூறு யூரோ கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் நடக்காது. அந்தப் பேரத்தைத் தொழிற்சங்கம் ஏற்கெனவே எல்லாருக்குமாகப் பேசி முடித்துவிட்டது. நாம் பேச வேண்டியது, எந்தக் கட்டத்தில் நம்மை உட்கார வைக்கிறார்கள் என்பதை.

இங்கேதான் நம்மவர்கள் பலர் வாயைத் திறப்பதில்லை. ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவு, தொடர்புடைய பணி அனுபவம் மூன்று ஆண்டு இருந்தால் வழக்கமாக மூன்றாம் படியில் சேர்க்கச் சொல்கிறது. அதற்கும் மேலாக, ஆள் தேவைப்படும் இடத்தில் ஒருவரின் முந்தைய வேலை புதிய வேலைக்குப் பயன்படும் என்றால், அந்த ஆண்டுகளை முழுவதுமாகவோ பகுதியாகவோ படிக்கணக்கில் சேர்த்துக்கொள்ள முதலாளிக்கு அனுமதியும் தருகிறது. சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. அதனால் கேட்க வேண்டும். வேலூரில் ஐந்தாண்டு ஐ.சி.யு.வில் இருந்தவர், அனுபவச் சான்றிதழில் வார்டின் பெயர், படுக்கை எண்ணிக்கை, வெண்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்த விவரம் எல்லாம் எழுதி வாங்கி, மொழிபெயர்த்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் அனுப்பி, ‘என் அனுபவத்தை எந்தப் படியில் கணக்கிட்டிருக்கிறீர்கள்?’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பு அவர்களுக்கு ஆள் வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு ஆள் கிடைத்துவிட்டார். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று, அங்கீகாரத்துக்கு முந்தைய காலம். நம் படிப்பை மாநில அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்த்து, குறையுள்ள பாடங்களைப் பட்டியலிட்டுக் கடிதம் தருவார்கள். அதன்பின் அறிவுத் தேர்வில் தேறலாம், அல்லது தகவமைப்புப் பயிற்சி முடிக்கலாம். அதுவரை உதவியாளர் நிலையில்தான் சம்பளம். எனவே ஒப்பந்தத்தில் இரண்டு நிலைகளும் இருக்க வேண்டும்: அங்கீகாரம் வரும்வரை என்ன, வந்த நாளிலிருந்து என்ன. இரண்டாவதை எழுதாமல் விட்ட ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. நிலை தவறாகப் போடப்பட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். அதைத் தாண்டிய பழைய பாக்கி கைவிட்டுப் போகும்.

கட்டத்துக்கு வெளியே இருப்பவையும் சம்பளம்தான். 2025 ஜூலை முதல் நகராட்சி மருத்துவமனைகளில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு மாதம் 250 யூரோ கூடுதல் தொகை. முன்பு 155 ஆக இருந்தது. இரவு, ஞாயிறு, விடுமுறை நாள் வேலைக்குத் தனித்தனியே கூடுதல். இவற்றில் சட்டம் சொல்லும் அளவுவரை வருமான வரி கிடையாது. அடிப்படைச் சம்பளத்திலோ வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தபின், தனியாக இருப்பவர் கைக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மூவாயிரம் யூரோவை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதைக் கழிக்க வேண்டும். ஊரில் பதிவு செய்யும்போது கத்தோலிக்கர், லுத்தரன் என்று மதத்தை எழுதினால் தேவாலய வரியும் சேரும். வருமான வரியில் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அது அவரவர் மனம். ஆனால் தெரிந்து எழுத வேண்டும்.

எல்லா மருத்துவமனையும் இந்த அட்டவணையில் இல்லை. தேவாலய மருத்துவமனைகள் தங்கள் ஆணையங்கள் வழியே தனியாக முடிவு செய்கின்றன. அங்கும் பெரும்பாலும் இதை ஒட்டிய அட்டவணைதான். தனியார் மருத்துவமனைகளில் ஒவ்வொன்றும் ஒரு விதம். முதியோர் இல்லங்களுக்குத் தனிக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2010-இல் தொடங்கியபோது மேற்கில் மணிக்கு 8.50 யூரோ, கிழக்கில் 7.50. 2025 ஜூலையில் பயிற்சி பெற்ற செவிலியருக்கு 20.50 ஆனது. எந்த டாரிஃப் என்ற கேள்விக்கு நேர் பதில் சொல்லாத முதலாளியிடம் நிதானமாக இருப்பது நல்லது.

மிகவும் கவனிக்க வேண்டியது, திருப்பிக் கொடுக்கும் ஷரத்து. இத்தனை ஆண்டுக்குள் வேலையை விட்டால் மொழிப் பயிற்சி, விமானக் கட்டணம், ஏஜென்சிக்குக் கொடுத்தது என்று ஆயிரக்கணக்கில் யூரோ கட்ட வேண்டும் என எழுதியிருப்பார்கள். பயந்து மோசமான இடத்திலேயே கிடக்கும் பெண்கள் உண்டு. 2023 ஜூன் 20 அன்று ஜெர்மன் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. செவிலியர் வழக்கு அல்ல. ஓர் ஊழியரை எடுக்க முதலாளி ஏஜென்சிக்கு 4,461.60 யூரோ கொடுத்திருந்தார், ஊழியர் சீக்கிரம் விலகியதும் அதை அவர் தலையில் கட்டப் பார்த்தார். செல்லாது என்றது நீதிமன்றம். ஆள் தேடும் செலவு முதலாளியின் செலவு. ஏஜென்சிக் கட்டணத்தைச் செவிலியரிடம் கேட்கும் ஷரத்துக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டலாம். மொழிப் பயிற்சிச் செலவு வேறு வகை. அதைத் தொழிற்சங்கத்தின் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

ஊர் மாறி ஊர் போய் வேலை பார்க்கும் செவிலியர் ஜெர்மனியிலும் உண்டு. இதற்கான ஆள் வாடகைச் சட்டம் 1972-இல் வந்தது. ஒரே இடத்தில் பதினெட்டு மாதம் உச்சவரம்பு என்பது 2017-இல் சேர்ந்தது. பல ஏஜென்சிகள் அட்டவணைக்கு மேலே கொடுக்கின்றன. வேண்டிய ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கவும் விடுகின்றன. மீதமுள்ள இரவுகளும் ஞாயிறுகளும் நிரந்தரச் செவிலியர் தலையில் விழுகின்றன. 2020-இல் பெர்லின் சுகாதார அமைச்சர் டிலெக் காலாய்ஜி இதைத் தடை செய்யவே முயன்றார், நிறைவேறவில்லை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு இந்த வழி மூடியே இருக்கிறது: ஏஜென்சியின் வாடகை ஊழியராக வர விரும்பும் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி மறுக்க வேண்டும் என்று குடியிருப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு வேலையை யாராவது இங்கே உட்கார்ந்து விற்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

கைசர்ஸ்வெர்த்தில் பார்த்த ஏற்பாடு இங்கேதான் திரும்பி வந்தது. எஸன் நகரின் ரூர்லாண்ட் மருத்துவமனையில் செஞ்சிலுவைச் செவிலியர் சங்கம் அனுப்பிய சகோதரி ஒருவர் அமர்த்தப்பட்டதை ஊழியர் குழு எதிர்த்தது. 2016 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், அவர் சங்க உறுப்பினராக இருந்தாலும், ஊதியத்துக்காக இன்னொருவர் கட்டளைக்குக் கீழ் வேலை செய்தால் வாடகை ஊழியருக்கான விதிகள் பொருந்தலாம் என்றது. அடுத்த பிப்ரவரியில் ஜெர்மன் நீதிமன்றமும் ஏற்றது. உடனே நாடாளுமன்றம் செஞ்சிலுவைக்கு மட்டும் பதினெட்டு மாத வரம்பிலிருந்து விலக்குத் தந்தது. ஆக்னஸ் கார்ல் வெளியேறிய வாசல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

இந்த அட்டவணைமீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஆண்டுகளை எண்ணுகிறது. ஓர் இரவில் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்று எண்ணுவதில்லை. பெர்லின் சாரிட்டே மருத்துவமனைச் செவிலியர்கள் 2015 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தது சம்பளத்துக்காக அல்ல, வார்டில் போதிய ஆள் வேண்டும் என்பதற்காக. 2016-இல் அதற்கென்றே ஓர் ஒப்பந்தம் வந்தது. அதில் பல் இல்லை என்று கண்டு 2021-இல் மீண்டும் ஏறக்குறைய ஒரு மாதம் வேலையை நிறுத்தினார்கள். 2022 ஜனவரி முதல் அங்கே, ஆள் குறைவான ஷிஃப்டில் வேலை பார்த்தவருக்கு ஒரு புள்ளி. ஐந்து புள்ளி சேர்ந்தால் ஒரு ஷிஃப்ட் விடுப்பு. அதே ஆண்டு நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவின் ஆறு பல்கலைக்கழக மருத்துவமனைகளின் ஊழியர்களும் நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இப்படி ஓர் ஒப்பந்தம் பெற்றார்கள். ஆஃபர் லெட்டர் வந்தால் படியைக் கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும்: இரவில் என் வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி?

இப்போதைய பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் 3 சதவீதமும் 2026 மேயில் 2.8 சதவீதமும் உயர்வு தந்து, 2027 மார்ச் 31 வரை ஓடும். அதன்பின் கட்டங்களில் என்ன எண்கள் இருக்க வேண்டும் என்று வெர்டி தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களைக் கேட்கும். உறுப்பினர் சந்தா மொத்தச் சம்பளத்தில் ஒரு சதவீதம். ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை.